இராமானுசர் வாழ்வும் கையொப்பம் கேட்ட அரசும்: தொண்டைநாட்டுச் சான்றுகளின் நோக்கில் ஒரு மீள்பார்வை

மாமல்லபுரக் குன்றில் இராமானுச மண்டபம் என்று இன்று வழங்கும் குடைவரை, பல்லவர் காலத்தில் சிவனுக்காக எடுக்கப்பெற்றது. மூன்று கருவறைகளைக் கொண்டிருந்த அதன் தடுப்புச் சுவர்கள் பிற்காலத்தில் அகற்றப்பட்டுள்ளன. சோமாஸ்கந்தர் உள்ளிட்ட புடைப்புச் சிற்பங்கள் உளியால் கொத்தி மழிக்கப்பட்டுள்ளன. முகப்பில் சங்கும் சக்கரமும் வெட்டப்பட்டுள்ளன. தரையிலோ, உருத்திரனை நெஞ்சில் நிறுத்தாதாரைச் சபிக்கும் பல்லவர் காலத்து வடமொழிக் கல்வெட்டு அழியாமல் நிற்கிறது. அதே சாபம் அவ்வூர்க் கணேச இரதத்திலும் தருமராச மண்டபத்திலும், திருமாலுக்குரிய ஆதிவராகக் குடைவரையிலும்கூடக் காணப்படுகிறது. சைவ, வைணவப் பூசல் தொண்டைநாட்டுக் கடற்கரையில் கல்லிலேயே பதிந்துள்ள இடம் இது. அவ்விடத்துக்கு இராமானுசரின் பெயர் வாய்த்திருப்பது எண்ணத்தக்கது.

குருபரம்பரை நூல்கள் இச்சிதைவை இராமானுசருடன் இணைத்துப் பேசவில்லை. பெயர் பின்னாளில் ஏற்பட்டது. எனினும் சமயப் பூசலின் தழும்பு ஒன்றுக்கு மக்கள் வழக்கு அவர் பெயரைச் சூட்டியதற்கு, அவர் வாழ்க்கை வரலாறு நினைவிற்கொள்ளப்பட்ட முறையே காரணம் எனலாம். அவ்வரலாற்றின் நடுவில் நிற்பது ஒரு சோழ மன்னன் கேட்ட கையொப்பம். அந்நிகழ்ச்சியை எவ்வளவு நம்பலாம், எதை நம்பலாம் என்பதே இக்கட்டுரையின் வினா. இதற்கு விடைகாண அவர் வாழ்வைத் திருவரங்கத்திலிருந்து தொடங்காமல், அவர் உருவான பழைய செங்கற்பட்டு மாவட்ட நிலப்பரப்பிலிருந்து தொடங்குவது பயன்தரும் என்று கருதுகிறேன்.

தொண்டைநாட்டு வட்டம்

மரபுக் கணக்கின்படி சக ஆண்டு 939, அதாவது கி.பி. 1017இல், சித்திரைத் திருவாதிரையில் திருப்பெரும்பூதூரில் ஆசூரி கேசவ சோமயாசிக்கும் காந்திமதிக்கும் மகனாகப் பிறந்தார். தாய், பெரிய திருமலை நம்பியின் உடன்பிறந்தாள். அவருக்கு நெருங்கியவர்கள் பலரும் ஒருநாள் நடைத் தொலைவுக்குள் வாழ்ந்தவர்களே. சிற்றன்னை மகன் கோவிந்தர் மழலைமங்கலத்தவர். முதலியாண்டான் பூவிருந்தவல்லிக்கு அருகிலுள்ள ஊரினர். திருக்கச்சி நம்பி பூவிருந்தவல்லியினர். கூரத்தாழ்வான் காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தினர். அந்தக் கூரம், முதலாம் பரமேசுவரவர்மன் சிவன் கோயிலுக்கு அளித்த செப்பேட்டால் வரலாற்றறிஞர்க்கு அறிமுகமான ஊர் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். வைணவ ஆசாரியர்கள் பிறந்த ஊர்கள் வைணவம் மட்டுமே வாழ்ந்த ஊர்களாக இருந்ததில்லை.

இவ்வட்டத்தில் இராமானுசர் சந்தித்த முதற்பூசல் சைவரோடு நிகழ்ந்தது அன்று. தம் ஆசிரியரோடு நிகழ்ந்தது. காஞ்சிக்கு அருகில் திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றபோது, சாந்தோக்கிய உபநிடதத்தில் இறைவனின் கண்ணுக்கு உவமையாக வரும் ஒரு சொல்லுக்கு ஆசிரியர் குரங்கின் பின்புறத்தைச் சுட்டிப் பொருளுரைத்தார் என்பர். எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த மாணவரின் கண்ணீர் ஆசிரியரின் தொடையில் விழுந்தது. கதிரவனால் மலர்ந்த தாமரை என்று அச்சொல்லைப் பிரித்துக் காட்டினார் மாணவர். வேறுபாடு முற்றியது. காசி யாத்திரையில் அவரைக் கொல்ல ஏற்பாடு நடந்ததாகவும், உடன்சென்ற கோவிந்தர் எச்சரித்துத் தப்புவித்ததாகவும், விந்திய மலைக்காட்டில் வேடர் உருவில் வந்த இருவர் வழிகாட்டிக் காஞ்சிக்குக் கொண்டுவந்து சேர்த்ததாகவும் வரலாறு தொடர்கிறது.

கொலைச்சூழ்ச்சி உண்மையா என்பதைக் காட்டிலும் இருவரின் பின்வாழ்வு முக்கியமானது. யாதவப்பிரகாசர் முதுமையில் தம் மாணவரிடமே துறவு பெற்றுக் கோவிந்த சீயர் ஆனார் என்பது மரபு. துறவியர் ஒழுக்கம் பற்றிய யதிதர்மசமுச்சயம் என்ற வடமொழி நூல் அவர் பெயரில் இன்றும் கிடைக்கிறது. எச்சரித்து உயிர்காத்த கோவிந்தரோ கங்கையில் நீராடுகையில் கையில் வந்துசேர்ந்த இலிங்கத்தால் சைவராகிக் காளத்தியில் தங்கிவிட்டார். பின்னர்ப் பெரிய திருமலை நம்பி வாதிட்டு மீட்டார். அவரே எம்பார் என்று போற்றப்படுபவர். ஆசிரியர் ஒரு கொள்கையிலிருந்தும் தம்பி ஒரு சமயத்திலிருந்தும் கடந்து வருகின்றனர். அக்காலத்தில் சமய எல்லை குடும்பத்துக்கு வெளியே வரையப்பட்ட கோடாக இருக்கவில்லை. வீட்டுக்குள்ளேயே அது கடக்கப்பட்டது.

சாதி எல்லையும் இங்கேதான் அவரைச் சுட்டது. வேளாண் குலத்தவராகிய திருக்கச்சி நம்பி உண்ட மிச்சத்தைத் தாம் உண்ண விரும்பி அவரை இராமானுசர் விருந்துக்கு அழைத்தார். மனைவி தஞ்சம்மாள் நம்பிக்கு முன்னதாகவே உணவிட்டு அனுப்பி, இடத்தைத் தூய்மைசெய்து, மீண்டும் சமைத்தாள் என்பது கதை. இல்லறத்தைத் துறந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. குருபரம்பரை ஆசிரியர்கள் தஞ்சம்மாளுக்கு நியாயம் செய்யவில்லை என்பது என் எண்ணம்; அவள் செய்தது அவள் காலத்து வைதிக இல்லங்கள் யாவும் செய்ததே.

மதுராந்தகம்

ஆளவந்தார் காஞ்சியில் இளைஞரைத் தொலைவிலிருந்து கண்டு தம் தரிசனத்துக்கு உரியவர் எனக் கருதிச் சென்றார். பின்னர் அவரை அழைத்துவரப் பெரிய நம்பியை அனுப்பினார். இராமானுசர் திருவரங்கம் சேர்ந்தபோது ஆளவந்தாரின் திருமேனியை மட்டுமே காணமுடிந்தது. மடங்கியிருந்த மூன்று விரல்களின் குறிப்பறிந்து மூன்று உறுதிமொழிகள் செய்தார் என்பதும், பிரம்மசூத்திரத்துக்கு உரை செய்வது அவற்றுள் ஒன்று என்பதும் பலரும் அறிந்தவை.

பின்பொரு நாள் இராமானுசர் காஞ்சியிலிருந்து தெற்கே புறப்பட, பெரிய நம்பி திருவரங்கத்திலிருந்து வடக்கே வந்துகொண்டிருந்தார். இருவரும் எதிர்ப்பட்ட இடம் மதுராந்தகம் ஏரிகாத்த இராமர் கோயில். அங்கேயே, மகிழமரத்தடியில், ஐந்து வைணவச் சடங்குகளையும் நம்பி செய்துவைத்தார். தோள்களில் சங்கும் சக்கரமும் பொறிக்கப்பட்டன. காஞ்சி வரை காத்திருக்கலாமே என்றதற்கு, நிலையாமையைச் சுட்டி இராமானுசர் விரைந்தார் என்பது மரபு. ஆளவந்தாரை உயிரோடு காணாத ஒருவரின் விரைவு அது. கோயிலுக்குப் பெயர்தந்த கதை பிற்காலத்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சியராக இருந்த பிளேசு துரை பெருமழையில் ஏரிக்கரையில் இராம இலக்குவரைக் கண்டதாக வழங்குவது. ஆனால் ஊரின் பெயர் பழையது. மதுரைக்கு முடிவுகட்டியவன் என்று பொருள்படும் சோழர் பட்டப்பெயர். பின்னாளில் சோழன் ஒருவனால் நாடுவிட்டுப் போக நேர்ந்த ஆசாரியர், சோழனின் பெயர் தாங்கிய ஊரில்தான் வைணவராகப் பொறி பெற்றார். இதனை வெறும் சொல் நயமாகக் கொள்ள வேண்டியதில்லை. அரச ஆதரவில் தழைத்த பிரமதேயங்களும் ஏரிப்பாசனமும் இல்லாமல் இவ்வாசாரியர்களின் கல்வி வாழ்வு நடந்திராது. திருவிடந்தை, கடல்மல்லை போன்ற கடற்கரைத் திருமால் தலங்களிலும் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன.

திருவரங்க வாழ்வை விரைந்து கடக்கலாம். ஆளவந்தாரின் மாணவர் ஐவரிடம் அவர் பொருள் கேட்டதும், திருக்கோட்டியூர் நம்பி கமுக்கமாகத் தந்ததை வெளிப்படுத்தியதும், யக்ஞமூர்த்தியோடு 18 நாள் வாதிட்டதும், கூரத்தாழ்வானின் நினைவாற்றல் துணையால் ஸ்ரீபாஷ்யம் எழுந்ததும் பலமுறை எழுதப்பட்டுவிட்டன. ஒன்றை மட்டும் குறிக்க வேண்டும். கோயில் நிருவாகத்தைச் சீர்திருத்த முயன்றபோது அவருக்கு நஞ்சிட முயன்றவர்கள் புறச்சமயத்தார் அல்லர். கோயிலைச் சார்ந்தவர்களே என்று மரபு தயங்காமல் கூறுகிறது. கோயில் உரிமையைத் தம் கையில் வைத்திருந்த அமுதனார், கூரத்தாழ்வான் வழியாக மனம் மாறி, பின் இராமானுசர்மீது நூற்றந்தாதி பாடினார்.

கையொப்பம்

இனி மையநிகழ்ச்சி. சோழன் ஒருவன் சிவனுக்கு மேற்பட்ட பரம்பொருள் இல்லை என எழுதி அறிஞர்களிடம் கையொப்பம் பெற்றுவந்தான். இராமானுசர் ஒப்பாதவரை மற்றவர் ஒப்பியதில் பயனில்லை என்று அவனுக்கு எடுத்துக் கொடுத்தவன் நாலூரான் என்ற அமைச்சன். அவன் கூரத்தாழ்வானிடமே பயின்றவன். ஆட்கள் திருவரங்கம் வந்தபோது கூரத்தாழ்வான் ஆசாரியரின் காவியுடையை அணிந்து தாமே இராமானுசர் எனச் சென்றார். முதுமையடைந்த பெரிய நம்பியும் அவர் மகள் அத்துழாயும் உடன் சென்றனர். இராமானுசர் வெள்ளுடை உடுத்து மேற்கே புறப்பட்டார்.

அவையில் கூரத்தாழ்வான் வாதிட்டார். கையொப்பமிட வற்புறுத்தியபோது, சிவம் என்னும் சொல்லுக்கு ஓர் அளவை என்ற பொருளும் இருப்பதைக் கொண்டு, அதனினும் பெரிய அளவையாகத் துரோணம் உண்டு என்று எழுதிக் கொடுத்தார். சினந்த மன்னன் இருவரின் கண்களையும் பறிக்கப் பணித்தான். மதுராந்தகத்தில் இராமானுசரின் தோளில் பொறியிட்ட பெரிய நம்பி, வழியிலேயே மகளின் மடியில் உயிர்விட்டார்.

அரசு அறிஞரிடம் கொள்கைக் கையொப்பம் கேட்பது தமிழகத்துக்கு மட்டும் உரிய கதையன்று. கி.பி. 833இல் அப்பாசியக் கலீபா மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டது என்ற கொள்கையை ஏற்குமாறு நீதிபதிகளையும் நபிமொழி அறிஞர்களையும் விசாரிக்கப் பாக்தாத் ஆளுநருக்கு ஆணையிட்டார். மிஹ்னா எனப்படும் இவ்விசாரணையில் பலர் அச்சத்தால் இணங்கினர். அகமது இப்னு ஹன்பல் இணங்கவில்லை, விலங்கிட்டுக் கொண்டுசெல்லப்பட்டார், மஃமூன் இறந்தபின் முஃதசிம் காலத்தில் கசையடி பட்டார். முதவக்கில் ஆட்சியில் விசாரணை கைவிடப்பட்டது. பிற்கால நினைவில் அடிபட்ட அறிஞரே வென்றார்; கலீபாவின் கொள்கை தோற்றது. இரு வரலாறுகளிலும் அரசு விரும்பியது மக்களின் வழிபாட்டு மாற்றத்தை அன்று, அறிஞரின் ஒப்புதலை. அறிஞர் ஒப்பினால் போதும், மக்கள் தாமே வருவர் என்ற கணக்கு அதில் உண்டு. அறிஞருக்கு இது துன்பம் மட்டுமன்று, ஒருவகை மதிப்பும்கூட. குருபரம்பரை ஆசிரியர்கள் அம்மதிப்பை உணர்ந்தே கதையை வளர்த்துள்ளனர்.

இரண்டிற்கும் உள்ள வேறுபாடு சான்றியல் சார்ந்தது. மஃமூனின் மடல்கள் தபரியின் வரலாற்றில் படியெடுக்கப்பட்டுள்ளன. குற்றஞ்சாட்டப்பட்ட தரப்பின் குரலே நமக்குக் கிடைக்கிறது. கையொப்பம் கேட்ட சோழனைப் பற்றிய செய்தியோ பாதிக்கப்பட்டோர் மரபிலிருந்து மட்டும் வருகிறது. அம்மரபும் அவனுக்கு இயற்பெயர் தரவில்லை. கழுத்தில் புழுத்து இறந்தவன் என்ற பொருளில் கிருமிகண்டன் என்றே அவனைச் சுட்டுகிறது.

யார் அந்தச் சோழன்?

முதலாம் குலோத்துங்கன் (1070–1120) என்பது பரவலான கருத்து. மரபுக் காலக்கணக்குக்கு இது பொருந்துகிறது. ஆனால் அவன் ஆட்சியாண்டுகள் பொறித்த கல்வெட்டுகள் திருவரங்கத்திலேயே மிகுதியாக உள்ளன. நாகப்பட்டினத்துப் புத்த விகாரைக்கு உரிய கொடையை உறுதிசெய்த சிறிய லெய்டன் செப்பேடும் அவனுடையதே. கொள்கைக் கையொப்பம் கேட்டுக் கண்பறித்தவனின் சாயல் இச்சான்றுகளில் இல்லை. அதிராசேந்திரன் என்பாரும் உளர். அவன் 1070இலேயே மறைந்தான். இராமானுசருக்குப் புகலிடம் தந்த போசள விட்டுணுவர்த்தனன் அரியணை ஏறியது 1108 அளவில். இடைவெளி நாற்பது ஆண்டு. இக்கருத்து நிற்காது.

மூன்றாமவன் இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150). தில்லைத் திருச்சித்திரகூடத்துக் கோவிந்தராசர் திருவுருவைக் கடலில் எறிந்தவனாக அவனை அவன் அவைப்புலவர் ஒட்டக்கூத்தரே உலாவிலும் தக்கயாகப்பரணியிலும் புகழ்கிறார். பகைவர் சாட்டிய குற்றமன்று இது. தன் புலவரே பாடிய பெருமை. மஃமூனின் மடலுக்கு நிகரான சான்று இங்கேதான் நமக்குக் கிடைக்கிறது. அவ்விறைவனின் திருவுருவை இராமானுசர் திருப்பதி மலையடியில் எழுந்தருளச் செய்தார் என்ற வைணவச் செய்தி இதனோடு இணைகிறது. தில்லையில் அச்சன்னிதி மீண்டும் நிலைபெற 1539இல் விசயநகர அச்சுதராயர் காலம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் மரபுக் கணக்கின்படி இராமானுசர் மறைந்தது 1137. இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் நாடுநீங்கி, அவன் இறந்தபின் திரும்பியிருத்தல் இயலாது. இம்முரணைத் தீர்க்கவே தி.நா. சுப்பிரமணியன் இராமானுசர் வாழ்ந்த காலத்தை 1077–1157 என வரையறுத்தார். கார்மன் போன்றோரும் இதனைத் தழுவினர். 120 ஆண்டு வாழ்நாளும் 80 ஆகக் குறைந்து இயல்பு பெறுகிறது. எனினும் இதிலும் ஒரு தடை உண்டு. விட்டுணுவர்த்தனன் பேலூரில் விசயநாராயணர் கோயிலை நிறுவியது 1117. அவனது திருமால் ஈடுபாட்டுக்கு இராமானுசரே காரணர் என்றால், 1137க்குப் பின் அவர் அங்குச் சென்றார் என்பது காலத்தால் பிந்தியதாகிறது.

மரபு இருவேறு நிகழ்ச்சிகளை ஒருவன்மேல் ஏற்றியது என்பதே என் முடிபு. அறிஞரைக் கட்டாயப்படுத்திய அவைப்பூசல் ஒன்று முன்னர் நடந்திருக்க வேண்டும். அது அமைச்சர் மட்டத்துப் பகையால் விளைந்த, கல்வெட்டில் இடம்பெறாத நிகழ்ச்சி. தில்லைச் சிதைவு பின்னது. அரசனே உரிமை கொண்டாடியது. பின்னதன் பேரிரைச்சல் முன்னதற்கும் நிறம் ஊட்டியது. இவ்வாறு கொண்டால் கண்ணிழந்த கூரத்தாழ்வானைப் பொய்க்கதை என ஒதுக்கவும் வேண்டாம். திருவரங்கக் கல்வெட்டுகளைப் பொய்யாக்கவும் வேண்டாம்.

மேல்நாடு

மேற்கே சென்றவர்களுக்கு மலைக்காட்டில் உணவும் வழியும் தந்தவர்கள் வேடர். கொங்குநாட்டில் விருந்தளித்தவள் கொங்குப் பிராட்டி என நினைக்கப்படும் பெண். சாளக்கிராமத்தில் வடுகநம்பி அடியவரானார். தொண்டனூரில் அரசனைத் திருத்தியதும், சமணர் ஆயிரவர் ஒரேநேரத்தில் கேட்ட வினாக்களுக்குத் திரைமறைவில் ஆயிரந்தலைச் சேடனாகி விடையளித்ததும் அடுத்த கதைகள்.

இங்கும் கல் வேறு பேசுகிறது. விட்டுணுவர்த்தனனின் பட்டத்தரசி சாந்தலை சமணப் பெண்ணாகவே இருந்தாள். அவன் தளபதி கங்கராசன் சமணன். 1116 அளவில் சோழரிடமிருந்து தலைக்காட்டைக் கைப்பற்றியவன். துவாரசமுத்திரத்துப் போசளேசுவரமோ சிவன் கோயில். ஆசாரியர் புகுந்த நாடு ஒரு சமயம் வென்று மற்றவை வீழ்ந்த நாடன்று. சோழனுக்குப் பகையான நாடு அது என்பதே அவருக்குப் பாதுகாப்பாயிற்று. மேல்கோட்டையில் திருநாராயணர் கோயிலைச் செம்மைசெய்ததும், செல்வப்பிள்ளைத் திருமேனியை மீட்கத் துணைநின்ற ஒடுக்கப்பட்ட மக்களைத் திருக்குலத்தார் என்றழைத்து ஆண்டில் சில நாள்களேனும் கோயிலுள் புக வகைசெய்ததும் அந்நாட்டு வாழ்வின் நிலைத்த பயன்கள். காஞ்சியில் திருக்கச்சி நம்பியின் இலையில் தொடங்கிய ஒன்று மேல்கோட்டையில் இவ்வளவேனும் நிறைவேறியது.

வேங்கட மலையில் நிற்கும் தெய்வம் எது என்ற பூசலில், சங்கும் சக்கரமும் முன்வைக்கப்பட, இறைவனே அவற்றை ஏற்றான் என்ற செய்தியும் இராமானுசருடன் இணைக்கப்பட்டுள்ளது. மதுராந்தகத்தில் தோளில் பொறித்த அடையாளங்கள் வேங்கடத்தில் தெய்வத்தின் கையில் காணப்பட்டன. மாமல்லையில் அவையே சிவன் குடைவரையின் முகப்பில் வெட்டப்பட்டன. மூன்றையும் ஒரே செயலாகக் கொள்ளுதல் தவறு. முதலது ஒருவர் தாமே விரும்பி ஏற்றது. இரண்டாவது நம்பிக்கைச் செய்தி. மூன்றாவது உளி வேலை.

திரும்பியபின்

பன்னிரண்டு ஆண்டுக்குப்பின் சோழன் இறந்த செய்தி வந்தது. இராமானுசர் திருவரங்கம் மீண்டார். அதுவரை திருமாலிருஞ்சோலையில் வாழ்ந்திருந்த கூரத்தாழ்வானும் வந்துசேர்ந்தார். தம் பொருட்டுக் கண்ணிழந்தவரைக் கண்ட ஆசாரியரின் துயரத்தைக் குருபரம்பரை நூல்கள் நீளச் சொல்லுகின்றன. பெரிய நம்பியை மீண்டும் காணும் பேறு அவருக்கு இல்லை.

காஞ்சி வரதர் கேட்டது தருபவர். அவரைப் பாடிக் கண் பெறுக என்று இராமானுசர் பணித்தார். கூரத்தாழ்வான் தம் பிறந்த நிலத்துக்கு, கூரத்துக்கு அருகிலுள்ள அத்தி வரதர் கோயிலுக்கு வந்து வரதராசத்தவம் என்னும் துதியைப் பாடினார். வேண்டுவது யாது என்று இறைவன் வினவ, தாம் பெறும் பேறு நாலூரானும் பெறவேண்டும் என்று கேட்டார். இராமானுசர் வருந்தினாராம், பின் அக்கேள்வியில் தமக்கும் நற்பேறு உறுதியாயிற்று என்று மேலாடையை வீசி மகிழ்ந்தாராம். பகைவனுக்கே கிடைக்குமெனில் தமக்குக் கிடைக்காதா என்பது அவர் கருத்து.

கையொப்பம் கேட்ட மன்னனின் பெயரை மறந்துவிட்ட அதே மரபு, அவனுக்கு வழிகாட்டிய அமைச்சனின் பெயரைப் போற்றி வைத்திருக்கிறது. அதுவும் காஞ்சியில் வீடுபேறு வேண்டப்பட்டவனாக.